இரத்த உறவினரா என்று கேட்ட படிவம்

நான் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு என் மனைவி காலமானபின், மரபணு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் உங்களில் சிலர் வீட்டுக்கு வந்தீர்கள். விடைபெறும்போது, புதிதாகச் சேர்பவர்களுக்காக எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எனக்குக் கையில் ஒரு வேலை வேண்டும் என்று நீங்கள் நினைத்தது புரிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. வேலை வேண்டியதாகத்தான் இருந்தது.

இயந்திரங்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இத்துறைக்கு வந்தபோது ஒரே ஒரு மரபணுவைப் படித்து முடிக்க மாதக்கணக்காகும். விடை வரும்போது நோயாளி சில வேளை இருக்கமாட்டார். இன்று ஒரு குழந்தையின் முழு மரபணுத் தொகுதியையும் இரண்டு நாளில் படித்துவிடுகிறீர்கள். எந்தப் பிழை நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று கணினி வரிசைப்படுத்தியும் தந்துவிடுகிறது. இதைக் கண்ணால் காணும் வரை பணியில் இருந்தேன் என்பது என் வாழ்க்கையின் நிறைவுகளில் ஒன்று. எனவே இங்கே எழுதப்போவது இயந்திரத்தின் பிழையைப் பற்றியல்ல. என் பிழையைப் பற்றி.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான துரித மரபணு ஆய்வு தொடங்கியிருந்தது. குழந்தை, தாய், தந்தை மூவரின் இரத்தமும் ஒன்றாக வரும். கூடவே குடும்ப விவரப் படிவம் ஒன்றும் வரும். படிவம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் மட்டுமே படிக்கக்கூடிய தாய்மார்கள் வரத் தொடங்கியதும், அதை மொழிபெயர்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் அகராதிகளோடு உட்கார்ந்தேன். முடித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதன் ஏழாவது கேள்வி: ‘நீங்களும் உங்கள் கணவரும் இரத்த உறவினரா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

அக்கேள்விக்கு எங்கள் நடைமுறையில் தனி இடமுண்டு. மூன்று இரத்தங்களும் படிக்கப்பட்டதும், யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைக் கணினி முதலில் கணக்கிடும். அது படிவத்தோடு பொருந்தினால்தான் அடுத்த படி, அதாவது நோய்க்கான காரணத்தைத் தேடும் கோப்பு, திறக்கப்படும். பொருந்தாவிட்டால் எதையும் திறக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவனும் நானே. அதற்கு முன்பு ஒருமுறை இரண்டு குடும்பங்களின் இரத்தக் குழாய்கள் மொத்தமாக இடம் மாறிவிட்டன. ஒரு குடும்பத்தின் படிவம், இன்னொரு குடும்பத்தின் இரத்தம். கோப்பைத் திறந்து ஒரு விடையைப் பார்த்துவிட்டால், அதை நம்ப மனம் ஆயிரம் காரணம் தேடும். பார்க்காமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு என்று அன்று முடிவுசெய்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

யாழினிக்கு அப்போது நான்கு வயது. சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் நடை தடுமாறியது. பிறகு விழுங்கச் சிரமப்பட்டாள், பேச்சு குழறியது, வலிப்பும் வந்தது. மூளை அழற்சி என்று கருதிச் சிகிச்சை தந்தார்கள். பலனில்லை. தந்தை ராஜ்குமார் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளர். தாய் செல்வி திருமணமாகிப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். படிவத்தைத் தமிழில் நிரப்பியவர் அவர்தான்.

புதன்கிழமை காலை கணினி அந்தக் குடும்பத்தை நிறுத்தியது. தாயும் தந்தையும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றது கணக்கு. இரத்த உறவில்லை என்றது படிவம். குழாய்கள் மாறியிருக்கலாம், மீண்டும் இரத்தம் எடுங்கள் என்ற கடிதத்தில் நான் கையெழுத்திட்டேன். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி மூன்று பேரிடமும் இரத்தம் எடுத்தார்கள். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஷமீமா என் அறைக்குள் வந்தார். கணினிப் பகுப்பாய்வை அவர்தான் கவனித்துவந்தார். அரபு ஸ்திரீட் பக்கம் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எதையும் சுற்றிவளைத்துப் பேசமாட்டார்.

“சார், செகண்ட் ரன்னும் அதே ரிசல்ட். அதே ஒன் எய்த்.”

“குழாய்கள்?”

“அதே மூணு பேருதான். முதல்ல எடுத்த ரத்தமும் இதுவும் நூத்துக்கு நூறு மேட்ச். குழந்தையும் இவங்க ரெண்டு பேரோடதுதான். குழாய் மாறல சார். ஃபார்ம்தான் பொய் சொல்லுது.”

“பொய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

“வேற என்ன சொல்றது? எட்டில் ஒரு பங்கு இருக்கு, இல்லன்னு டிக் பண்ணியிருக்காங்க. ஒண்ணு மறைக்கிறாங்க, இல்லன்னா அவங்களுக்கே தெரியாத ஏதோ குடும்ப ரகசியம்.”

இந்த இரண்டாவதற்கும் விதியில் இடம் வைத்திருந்தேன். உறவே இல்லை என்று நம்பும் கணவன் மனைவிக்கிடையே உறவு தென்பட்டால், அதன் பின்னால் ஒரு தத்தெடுப்பு இருக்கலாம், வெளியே சொல்லப்படாத ஒரு பிறப்பு இருக்கலாம். நம் அறிக்கை ஒரு வீட்டை உடைத்துவிடக் கூடாது. ஆகவே, நெறிமுறைக் குழுவின் முன் வைத்த பிறகே மேலே செல்ல வேண்டும். குழு அடுத்த புதன்கிழமைதான் கூடும்.

“புதன்கிழமை வரைக்கும் பாப்பா தாங்குமா சார்?” என்றார் ஷமீமா. “நேத்து வார்டுக்கு ஃபோன் பண்ணினேன். நேத்திலேருந்து பேச்சே இல்லையாம். ஃபைலை ஒரு தடவை திறந்து பார்த்துடலாமே. நம்ம ரெண்டு பேருக்குள்ள.”

“கூடாது.”

“ரூல் எழுதினது நீங்கதானே சார். மாத்தவும் செய்யலாமே.”

“அதனால்தான் கூடாது.”

அவர் முகம் இறுகிவிட்டது. அவர்மேல் தவறில்லை. அந்த அறையில் இரண்டு பேரில் குழந்தையைப் பற்றி நினைத்தவர் அவர், விதியைப் பற்றி நினைத்தவன் நான் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித் தோன்றாமலில்லை. விதியை மீறுவதற்கும் புதன்கிழமை வரை காத்திருப்பதற்கும் இடையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன். படிவத்தில் குறியிட்டவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆய்வுக்கூடத்துக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் இடையே ஒரு நடைபாலம், ஆறு நிமிட நடை. அத்தனை ஆண்டுகளில் நான் அதைக் கடந்தது சில முறைதான்.

ஆனால் போய் என்ன கேட்பது? ‘நீங்கள் உறவினரா’ என்று மறுபடி கேட்டால், அப்படியொரு ரகசியம் இருக்கும் பட்சத்தில் அந்தக் கேள்வியே அதை உடைத்துவிடும். கேள்வி எதுவும் கைவசம் இல்லாமலேயே நடந்தேன். இதை உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

யாழினி கண்களைப் பாதி மூடிக் கிடந்தாள். மூக்கில் குழாய். பக்கத்து நாற்காலியில் செல்வி. ஆய்வுக்கூடத்து மருத்துவர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் எழுந்து நின்றார். மூன்றாவது முறையாக இரத்தம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அதற்குள் அவருடைய கைப்பேசி ஒலித்தது.

“அத்தான், லேப்லேருந்து பெரிய டாக்டரு வந்திருக்காரு… இல்ல, ரத்தம் எடுக்க இல்லயாம்… தெரியல அத்தான். நீங்க வாங்க.”

அத்தான் என்று கணவரை அழைக்கும் பெண்கள் பலர் உண்டு. வெறும் வழக்கமாகவும் இருக்கலாம். எனினும் அச்சொல் எனக்கு ஒரு வாசலைத் திறந்தது. எந்த ரகசியத்தையும் தொடாமல் கேட்க முடிந்த கேள்வி அது.

“அத்தான் என்று பேச்சுக்குக் கூப்பிடுகிறீர்களா அம்மா, முறைக்கே அத்தானா?”

“முறைதான் டாக்டர். எங்க அத்தை மகன்.”

“எந்த அத்தை?”

“எந்த அத்தைன்னா? எங்கப்பாகூடப் பொறந்த அத்தை. இருக்கிறதே ஒரு அத்தைதான். அவங்க சிங்கப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தாங்க. பொறந்தப்பவே எனக்கு இவருதான்னு பேசி வச்சுட்டாங்க.”

அத்தை மகனும் மாமன் மகளும் பகிர்ந்துகொள்ளும் அளவு அதுவே; கணினி சொன்ன எட்டில் ஒரு பங்கு சரியாக அங்கே வந்து உட்கார்ந்தது. நான் உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“படிவத்தில் உறவில்லை என்று குறியிட்டிருக்கிறீர்களே?”

செல்வி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“ரத்த உறவான்னுல்ல கேட்டிருந்தீங்க? ரத்த உறவுன்னா பங்காளிங்க. சித்தப்பா மக்க, பெரியப்பா மக்க. அங்க போயி யாராவது கல்யாணம் கட்டுவாங்களா டாக்டர்? அண்ணன் தங்கச்சில்ல அது! படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்ன இப்படிக் கேக்குறாங்கன்னு. அழுத்தி ‘இல்லை’ன்னு போட்டேன்.”

“மாமன் வீடு, அத்தை வீடு?”

“அது சம்பந்தம் பண்ற வீடு. அது எப்படி ரத்தமாகும்?” பிறகு, தன் பதில் ஏதோ சிக்கலாகிவிட்டது என்று உணர்ந்து, சற்றுக் கோபமாகவே கேட்டார்: “சொந்தத்துல கட்டுனீங்களா, அசல்ல கட்டுனீங்களான்னு கேட்டா சின்னப் புள்ளகூடச் சொல்லிடும். யாரு எழுதுனது அந்த ஃபார்மை?”

“நான்தான் அம்மா.”

கைகூப்பிவிட்டு வந்தேன்.

நடைபாலத்தில் திரும்பும்போது ஓடவில்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் நடக்கும் வேகத்தில் நடக்கவுமில்லை. கணினி சொன்னது உண்மை. செல்வி சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பொய் என் மொழிபெயர்ப்பு. நானும் அவரைப் போன்ற வீட்டில்தான் வளர்ந்தேன். மாமன் மகளைக் கட்டிய சித்தப்பா ஒருவர் எனக்கும் உண்டு. ஆங்கிலத்தில் படித்த கேள்வியைத் தமிழில் எழுதும்போது அவர் என் நினைவுக்கு வரவே இல்லை.

ஷமீமாவிடம் நடந்ததைச் சொன்னேன். படிவத்தைத் திருத்தி, காரணத்தைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்டோம். ஷமீமா கோப்பைத் திறந்தார். வரிசையின் முதலிடத்திலேயே விடை இருந்தது. ஒரு வைட்டமினை மூளையின் உயிரணுக்களுக்குள் கொண்டுசேர்க்கும் வாயிலை உருவாக்குகிற மரபணு. குழந்தையின் இரு பிரதியிலும் ஒரே எழுத்துப் பிழை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இந்நோய்க்கு மருந்து எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் இரண்டு வைட்டமின்கள்தாம், மிக அதிக அளவில். காலம் தாழ்ந்தால் மூளையில் ஏற்பட்ட சேதம் நிலைத்துவிடும்.

“எங்க வீட்டுல சாச்சா மகனை, அதான் சித்தப்பா மகனைக்கூடக் கட்டலாம் சார்,” என்றார் ஷமீமா, தொலைபேசியை எடுத்துக்கொண்டே. “எங்களுக்கு எல்லாமே ரத்தம்தான். அதான் எனக்கு இது தோணவே இல்ல.”

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் அதைச் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே மருந்து தொடங்கினார்கள். மாலையில் ராஜ்குமார் சீருடையோடு என் அறைக்கு வந்தார். நோயை விளக்கினேன். இந்தப் பிழை உங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியரில் ஒருவரிடமிருந்து இறங்கி வந்திருக்கலாம், ஒரே பிரதி இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை, அதனால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றேன்.

“தாத்தா நமக்குன்னு எதுவுமே விட்டுட்டுப் போகலன்னு எங்க மாமா இன்னிக்கும் புலம்புவாரு டாக்டர்,” என்றார். “இதைத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு போல. எல்லாருக்கும் சமமா.”

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாள் ஏன் தாமதமானது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நானும் என் மனைவியும் தேக்காச் சந்தைக்குப் போனோம். அது எங்கள் வழக்கம். அவர் முப்பது ஆண்டு தமிழாசிரியராக இருந்தவர். காய்கறி வாங்கி முடித்து, கீழ்த்தளத்தில் தோசைக்குக் காத்திருக்கும்போது, யாருடைய பெயரும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். ‘இரத்த உறவினரா’ என்ற கேள்வியைக் காதில் வாங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“எங்கம்மாவும் இல்லன்னுதான் போட்டிருப்பாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கலாமே?”

“மருத்துவப் படிவம்தானே என்று நினைத்தேன்.”

“அது சரி. வீட்டுல டீச்சர் இருக்கிறா, நீங்க டிக்‌ஷனரிகிட்ட கேட்டிருக்கீங்க.” பையிலிருந்து பேனாவை எடுத்தார். சாமான் பட்டியலின் பின்பக்கத்தில், ‘நீங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவரா, அசலிலா? சொந்தம் என்றால், திருமணத்துக்கு முன்பே உங்கள் கணவர் உங்களுக்கு என்ன முறை?’ என்று எழுதித் தந்தார். எழுதிய பிறகு, தோசை வந்த பிறகு, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

“ரெண்டு நாள் வீணாப்போனது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடுவீங்கல்ல?”

“நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.”

“கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லிடுங்க.”

தோசை ஆறுகிறது என்றார். அவர் பட்டியலின் பின்பக்கம் எழுதித் தந்த கேள்வி இன்றும் அதே வாசகத்தோடு உங்கள் படிவத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதையும் குறிப்பிட்டேன்.

திங்கட்கிழமை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவித்தேன். துறைத் தலைவர் கூட வருவதாகச் சொன்னார். தனியே போகிறேன் என்றேன்.

இளையவர்களாகிய உங்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்ல விரும்பினேன். மற்றவை எல்லாம் இதற்கு வரும் வழி. நம் துறையில் பிழைகள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். நோயாளி நம்மைப் பார்ப்பதில்லை. நாம் அவரைப் பார்ப்பதில்லை. விடை சரியாக வந்துவிட்டால், அது இரண்டு நாள் முன்பே வந்திருக்கலாம் என்பதை எவரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டும். பார்த்ததைப் போய்ச் சொல்ல வேண்டும். அதனால் உங்களுக்கு நிம்மதி கிடைக்கும் என்று நான் உறுதி தரவில்லை.

யாழினி இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள். தினமும் இரண்டு வைட்டமின்களை விழுங்குகிறாள். நன்றாக ஓடுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். இடக்கையில் மட்டும் சிறிது விறைப்பு இருக்கிறது. அந்த இரண்டு நாள்கள்தாம் அதற்குக் காரணமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார்.

அந்தத் திங்கட்கிழமை நான் உள்ளே போனபோது வலிப்பு நின்று ஒரு நாள் ஆகியிருந்தது. செல்வி, குழந்தையின் காலடியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ராஜ்குமார் தலைமாட்டில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். படிவத்தின் தமிழ் என்னுடையது, கேள்வியைத் தவறாகக் கேட்டது நான், அதனால் விடை புதன்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை கிடைத்தது. உங்கள் மனைவி எழுதிய பதிலில் எந்தத் தவறும் இல்லை.

செல்வி துணி மடிப்பதை நிறுத்தினார். ராஜ்குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புதன்கிழமை அவ பேசிக்கிட்டு இருந்தா டாக்டர்,” என்றார். “குழறும், ஆனா பேசுவா. வியாழக்கிழமைதான் பேச்சு நின்னுச்சு.”

“தெரியும்.”

“தெரியும்னு சொல்றீங்க.” குரல் உயரவில்லை. “நான் அன்னிக்கு ஷிஃப்ட்ல இருந்தேன். இவ ஃபோன் பண்ணி, அத்தான், பாப்பா அம்மான்னுகூடச் சொல்லமாட்டேங்குறான்னு அழுதா. நான் கார்கோ ஏத்துற இடத்துல நின்னுக்கிட்டு…”

முடிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். அதை அப்போது எடுத்து நீட்டுவது, பதிலுக்கு எதையோ கேட்பது போல இருக்கும் என்று தோன்றியது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூவரும் திரும்பினோம். யாழினியின் உதடுகள் அசைந்தன. முதல் எழுத்து வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

“த… தண்ணி.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். ராஜ்குமார் குவளையை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். குழாய் இருக்கும்போது தரலாமா என்று என்னைத்தான் பார்த்தார். நான் வெளியே போய்த் தாதியை அழைத்துவந்தேன். தாதி சிறு கரண்டியில் எப்படித் தர வேண்டும் என்று காட்டினார். முதல் கரண்டி வழிந்துவிட்டது. இரண்டாவது உள்ளே போயிற்று. நான்காவதும் போன பிறகு, ராஜ்குமார் குழந்தையின் மோவாயைத் துணியால் ஒற்றியபடி, என் பக்கம் திரும்பாமலே, காலால் பக்கத்து நாற்காலியைச் சற்று நகர்த்தினார்.

“ஏன் டாக்டர் நின்னுக்கிட்டே இருக்கீங்க?” என்றார். “உட்காருங்க.”

உட்கார்ந்தேன்.